அம்ஸ்டர்டாம் நகரமும் துவிச்சக்கரவண்டியும்

ஒரு நகரத்தின் இயல்பினை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளையும் தேவாலயங்களையும் நூதனசாலைகளையும் முதலிற் காண விழைவர். அவை அந்நகரத்தின் பழம்பெருமையை உணர்த்துவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், அங்கு வாழும் மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு மதித்து நடக்கின்றனர் என்பதை உணர்த்துவது வீதியேயாகும். வலியவன் மெலியவனுக்கு வழிவிடுகின்றானா, முதியோர் அஞ்சாது வெளியே செல்கின்றனரா, சிறுவர் தனித்துப் பாடசாலைக்குப் போய் மீள்கின்றனரா என்னும் வினாக்களுக்கு வீதியிலேதான் விடை கிடைக்கும். நெதர்லாந்தின் தலைநகராகிய அம்ஸ்டர்டாம் இவ்வகையில் ஆராய்தற்குரிய நகரமாகும். ஈழத்துத் தமிழர் ஒல்லாந்தர் என வழங்கும் மக்களின் நகரம் அது. யாழ்ப்பாணத்தார் நாவிற் பயின்றுவந்த ‘கந்தோர்’ என்னும் சொல்லும் அவர்தம் மொழியிலிருந்து வந்ததே. இன்று அந்நகரத்திலே மக்கட்டொகையிலும் துவிச்சக்கரவண்டிகளின் தொகை மிகுதி.

இச்செய்தியைக் கேட்போர் அதற்கு எளிதிற் காரணங் கற்பிப்பர். அந்நாடு மேடுபள்ளமற்ற சமதரை; ஆதலின் அங்கே வண்டி மிதித்தல் எளிது என்பர் சிலர். அம்மக்கள் சிக்கனம் பேணுவோர். ஆதலின் செலவு குறைந்த ஊர்தியை விரும்புகின்றனர் என்பர் வேறு சிலர். இவற்றிலும் உண்மை உண்டு. எனினும் முழு உண்மை இதுவன்று. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலே அந்நகரம் துவிச்சக்கரவண்டியை ஏறக்குறையக் கைவிடும் நிலைக்கு வந்தது. அப்பொழுதும் தரை சமதரையாகவே இருந்தது. மக்களும் அதே மக்களாகவே இருந்தனர். பின்னர் அந்நகரம் அவ்வண்டியிடம் மீண்டது. அது விலகியது எவ்வாறு, மீண்டது எவ்வாறு என்பவற்றை அறிந்தாலன்றி இன்றைய காட்சியின் பொருள் நன்கு விளங்காது.

காலைப் பொழுதின் காட்சி

மாரிக்காலத்து வேலைநாள் ஒன்றின் காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளலாம். மணி எட்டாகியும் அங்கே முற்றாக விடிவதில்லை. கால்வாய்களின் ஓரமாக வெண்ணிற முன்விளக்கும் செந்நிறப் பின்விளக்குமாக ஒளிப்புள்ளிகள் நிரைநிரையாக நகர்கின்றன. இருளில் விளக்கின்றி வண்டி செலுத்துவோர் தண்டப்பணம் செலுத்த வேண்டும். அத்துணைப் பேர் செல்லும் வீதியிலும் பேரிரைச்சல் இல்லை. சங்கிலிகளின் மெல்லொலியும், இடையிடையே மணியொலியும், இருவர் அருகருகே செல்லும்போது பேசிச் செல்லும் குரலுமே கேட்கின்றன.

அந்நிரையிலே செல்வோர் யாவர்? கந்தோருக்குச் செல்லும் உத்தியோகத்தர் கழுத்துப்பட்டியும் மேலங்கியும் அணிந்தவாறே மிதித்துச் செல்கின்றார். முன்புறத்தே பெரிய மரப்பெட்டி பொருத்திய வண்டியிலே தாயொருத்தி தன் பிள்ளைகள் இருவரை இருத்திச் செல்கின்றாள். மழை படாவண்ணம் பெட்டியின்மேல் ஒளிபுகும் கூடாரம் கவிந்திருக்கின்றது. பல்கலைக்கழக மாணவன் ஒருவன் மிதிக்க, பின்புறக் கரியரிலே அவன் தோழி ஒருபுறமாகக் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கின்றாள். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் மின்கலத்தின் துணையோடு இயங்கும் வண்டியிலே சந்தைக்குச் செல்கின்றார். தந்தை ஒருவர், மோட்டார் வாகனங்கள் செல்லும் புறத்தே தாம் நின்று, தம் சிறுமகளைப் பாதுகாப்பான புறத்தே விட்டு, ஒரு கையால் தம் வண்டியைச் செலுத்திக்கொண்டு மறுகையை அவள் முதுகில் வைத்தவாறு செல்கின்றார். காற்று எதிர்த்து வீசும்போது அக்கை அவளை மெல்ல உந்துகின்றது.

இவர்களுள் எவரும் தம்மை விளையாட்டு வீரராகக் கருதுவதில்லை. இதனை அவர்தம் மொழியே காட்டுகின்றது. அன்றாடம் வண்டியிற் செல்பவரைக் குறிக்க ‘பீட்சர்’ என்னும் சொல்லும், பந்தய வண்டியிலே விரைபவரைக் குறிக்க ‘வீல்ரென்னர்’ என்னும் வேறொரு சொல்லும் அங்கு வழங்குகின்றன. முன்னவருக்கு அதற்கெனத் தனி உடை இல்லை. தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் சட்டமும் இல்லை. நீர்க்குழாயைத் திறப்பதும் கதவைச் சாத்துவதும் எவ்வாறு சிந்தனையின்றி நிகழ்கின்றனவோ, அவ்வாறே வண்டியேறுதலும் நிகழ்கின்றது. மழை பெய்தால் மழையங்கி அணிந்து செல்வர். மழைக்குத் தயங்குவோனைப் பார்த்து ‘நீ சர்க்கரையால் ஆனவனல்லையே’ என்று நகைப்பது அந்நாட்டு வழக்கு.

வண்டியின் அமைப்பும் இவ்வழக்கத்துக்கு ஏற்றதாகவே உள்ளது. பந்தய வண்டியிற்போல் முதுகை வளைத்துக் குனிய வேண்டியதில்லை. நிமிர்ந்திருந்து நாற்புறமும் நோக்கலாம். சங்கிலி முற்றாக மூடப்பட்டிருத்தலின் உடையில் எண்ணெய் படாது. பின்சக்கரத்தின் இருமருங்கும் உடைகாப்பு உண்டு. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டி நிற்கும். ஆகவே ஒரு கையிலே குடை பிடிப்போரும் உளர். விலையுயர்ந்த புதிய வண்டியிலும் துருவேறிய பழைய வண்டியையே பலர் விரும்புவர். அதனைக் கள்வர் விரும்பாமையே காரணம். அவ்வாறிருந்தும் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு பூட்டுகள் இடுவது வழக்கம்.

மத்திய புகையிரத நிலையத்தின் பின்புறத்தே ‘ஐ’ என்னும் அகன்ற நீர்ப்பரப்பு உள்ளது. அதன் வடகரையில் வாழ்வோர் நகரத்துக்கு வரப் பயணப்படகுகள் இடைவிடாது இயங்குகின்றன. வண்டியோடு ஏறுவோரும் நடந்து ஏறுவோரும் கட்டணம் செலுத்துவதில்லை. புகையிரத நிலையத்தின் முன்புறத்தே, நீரின் அடியிலே, 7,000 வண்டிகளை நிறுத்தத்தக்க தரிப்பிடம் ஒன்று 2023ஆம் ஆண்டு தை மாதத்திற் திறக்கப்பட்டது. நிலையத்தின் மறுபுறத்தே 4,000 வண்டிகளுக்கான இன்னொன்று அடுத்த மாதமே திறக்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்துக்கு அங்கே கட்டணமில்லை. வீட்டிலிருந்து நிலையம்வரை வண்டியிலும், அங்கிருந்து வேற்றூருக்குப் புகையிரதத்திலும் செல்வோர் தொகை பெரிதாகலின், வண்டிக்கு இடமளித்தல் புகையிரதச் சேவையின் ஒரு கூறாகவே கருதப்படுகின்றது.

வீதியும் சட்டமும்

இவ்வளவு பேர் அச்சமின்றிச் செல்லுதல் அவர்தம் திறமையால் மட்டும் விளைந்ததன்று. வீதியின் அமைப்பே அச்சத்தை நீக்குகின்றது. மோட்டார் வாகனங்கள் விரைந்து செல்லும் பெருவீதிகளில் துவிச்சக்கரவண்டிக்கெனத் தனித் தடம் உண்டு. செந்நிறத் தார் இடப்பட்ட அத்தடம் வாகனப் பகுதியிலிருந்து விளிம்புக் கல்லாலோ மரநிரையாலோ பிரிக்கப்பட்டிருக்கும். இருவர் அருகருகே உரையாடிச் செல்லத்தக்க அகலம் பல இடங்களில் உண்டு. நாற்சந்திகளிலே வண்டிக்காரருக்கெனச் சிறிய சமிக்ஞை விளக்குகள் நிறுவப்பட்டுள்ளன. வழிவிட வேண்டியவர் யாவர் என்பதைத் தரையிலே தீட்டிய வெண்முக்கோணங்கள் காட்டும். அவற்றைச் ‘சுறாப் பற்கள்’ என்று அம்மக்கள் அழைப்பர். பற்களின் கூர்முனை எவரை நோக்குகின்றதோ அவரே நின்று வழிவிட வேண்டும்.

சிறுவீதிகளிலே தனித் தடம் இல்லை. அங்கு அது வேண்டப்படுவதுமில்லை. அத்தகைய வீதிகளில் வாகனங்களின் வேகமும் தொகையும் குறைக்கப்படுகின்றன. ஒருவழிப்பாதை என அறிவித்த பல வீதிகளில் அக்கட்டுப்பாடு மோட்டார் வாகனத்துக்கே உரியது. துவிச்சக்கரவண்டி இருபுறமும் செல்லலாம். சில வீதிகளின் முகப்பிலே ‘மோட்டார்க் கார் இங்கே விருந்தாளி’ எனப் பொருள்படும் பலகை உண்டு. விருந்தாளிக்கு வீட்டினுள் இடமுண்டு. எனினும் வீட்டாரைத் துரத்தும் உரிமை அவனுக்கில்லை. 2023ஆம் ஆண்டு மார்கழி 8ஆந் திகதி முதல் அந்நகரத்தின் பெரும்பாலான வீதிகளில் வேக எல்லை மணிக்கு 30 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்டது. முன்னர் அது 50 கிலோமீற்றராக இருந்தது. வேகம் சிறிது குறையினும் மோதலின் விளைவு பெரிதும் குறையும். சாரதிக்கு நிறுத்தும் தூரம் சுருங்குகின்றது. மோதப்பட்டவர் உயிர்பிழைக்கும் வாய்ப்புப் பெருகுகின்றது.

சட்டமும் மெலியவர் பக்கமே சார்ந்துள்ளது. மோட்டார் வாகனமும் துவிச்சக்கரவண்டியும் மோதி இழப்பு நேருமாயின், தம்மாற் தவிர்க்கவே இயலாத நிகழ்வு அதுவென்று வாகனத்துக்கு உரியவர் நிறுவினாலன்றி, இழப்பீட்டுப் பொறுப்பு அவரைச் சாரும். வண்டிக்காரர் தவறிழைத்திருப்பினும் இழப்பின் பாதியையேனும் வாகனத்தின் காப்புறுதி பொதுவாக ஏற்கும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையாயின் பிள்ளையின் தவறு பெரும்பாலும் கருத்திற் கொள்ளப்படுவதேயில்லை. இது குற்றத் தண்டனையைப் பற்றிய விதியன்று. இழப்பை யார் சுமப்பது என்பதைப் பற்றிய விதி. ஓராயிரங் கிலோகிராமுக்கு மேற்பட்ட இரும்பைப் பொதுவீதியிலே செலுத்துவோர், அதனால் விளையும் ஆபத்துக்கும் பொறுப்பாளர் என்பது அதன் அடிப்படை. 2001ஆம் ஆண்டு மே மாதம் முதல், குறியீடற்ற சந்திகளில் வலப்புறத்திருந்து வரும் துவிச்சக்கரவண்டிக்கும் மோட்டார்க் கார் வழிவிட வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் அவ்வுரிமை மோட்டார் வாகனத்துக்கே இருந்தது.

உரிமையோடு கடமையும் கற்பிக்கப்படுகின்றது. ஆரம்பப் பாடசாலையின் மேல்வகுப்பிற் பயிலும் மாணாக்கர் போக்குவரத்துப் பரீட்சை எழுதுவர். பின்னர் வண்டியேறி வீதியிலே செய்முறைப் பரீட்சையும் கொடுப்பர். திரும்புமுன் கை நீட்டுகின்றனரா, தோளின்மேலாகப் பின்னோக்குகின்றனரா, வலப்புறம் வருவோருக்கு வழிவிடுகின்றனரா என்பவற்றைச் சந்திகளில் நிற்போர் குறித்துக்கொள்வர். இவ்வழக்கம் 1930களிலிருந்து தொடர்கின்றது. இதனால் ஒரு மறைமுகப் பயனும் விளைகின்றது. பின்னாளில் மோட்டார்க் கார் செலுத்துவோர் யாவரும் முன்பு துவிச்சக்கரவண்டி செலுத்தியோரே. எதிரே செல்பவரின் தடுமாற்றத்தை அவர்கள் தம் உடலால் அறிந்தவர்கள்.

வளர்ச்சியும் பறிப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே துவிச்சக்கரவண்டி நெதர்லாந்தில் செல்வர்தம் பொழுதுபோக்காகவே அறிமுகமாயிற்று. 1883ஆம் ஆண்டில் வண்டியோட்டிகள் ஒன்றுகூடி நாடளாவிய சங்கம் ஒன்றை நிறுவினர். அச்சங்கம் நாடெங்கும் வழிகாட்டித் தூண்களை நாட்டியது. பின்னாளில் அதுவே மோட்டார்க் கார் உரிமையாளரின் பெருஞ்சங்கமாக மாறியமை காலத்தின் போக்கைக் காட்டும். முதலாம் உலகப் போரின் பின் வண்டியின் விலை வீழ்ந்தது. தொழிலாளரும் ஆசிரியரும் வணிகரும் ஒருங்கே அதிற் செல்லலாயினர். வரி விதிக்குமளவுக்கு அது பரவியது. 1924ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வண்டிக்கும் ஆண்டுவரி செலுத்தி, அதற்கு அடையாளமான உலோகத் தகட்டைப் பொருத்த வேண்டியதாயிற்று. வரி செலுத்த வகையற்ற ஏழைகளுக்குத் துளையிட்ட தகடு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. வறுமை அத்துளையின் வழியே ஊரறியத் தெரிந்தது.

1940ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேர்மனியர் அந்நாட்டைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டிலே வண்டி வரி நீக்கப்பட்டது. ஆனால் அதற்கடுத்த ஆண்டிலே வண்டிகளே பறிக்கப்பட்டன. 1942ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யூதர் தம் துவிச்சக்கரவண்டிகளை ஒப்படைக்க வேண்டுமென ஆணை பிறந்தது. அம்ஸ்டர்டாமில் வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் பிராங்க் தன் நாட்குறிப்பிலே, தம்மவர்மீது விதிக்கப்பட்ட தடைகளை நிரற்படுத்துகையில் இதனையும் குறித்துள்ளாள். நடமாடும் உரிமையைப் பறித்தலே பின்னர் நிகழ்ந்த பெருங்கொடுமைக்கு முதற்படியாயிற்று. அடுத்த மாதமே ஏனையோரின் வண்டிகளும் படையினராற் பறிக்கப்படலாயின. 1944–45ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில், இறப்பர் ரயர்கள் கிடையாமையால் மரவளையங்களைப் பொருத்தியும் வெறுஞ்சக்கரத்தோடும் வண்டி உருட்டி, உணவு தேடி நாட்டுப்புறங்களுக்குச் சென்றோர் பலர். போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் ‘என் வண்டியைத் திருப்பித் தா’ என ஜேர்மனியரை நோக்கிக் கூறுவது நெதர்லாந்தரின் கேலிமொழியாக நிலைத்தது. அக்கேலியின் அடியிலே ஆறாத வடு ஒன்று கிடந்தது.

மோட்டார்க் காரின் எழுச்சி

பகைவரின் படையால் இயலாததைப் பின்வந்த செல்வவளம் செய்ய முற்பட்டது. 1950ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் ஒன்றரை இலட்சத்துக்குக் குறைவாயிருந்த மோட்டார்க் கார்களின் தொகை 1970ஆம் ஆண்டளவில் இருபது இலட்சத்தைக் கடந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே தோண்டப்பட்ட கால்வாய்களும் குறுகிய கரைவீதிகளும் கொண்ட நகரத்திலே அவற்றுக்கு இடமேது? 1954ஆம் ஆண்டில் நகரப் பொலிஸ் தலைவராகிய காஸ்யாகர், கால்வாய்கள் பலவற்றை மூடி வீதிகளாக்க வேண்டுமெனத் திட்டம் வகுத்தார். 1967ஆம் ஆண்டில் அமெரிக்கப் போக்குவரத்து வல்லுநர் டேவிட் யோகினன், பழைய குடியிருப்புகளை இடித்து நகரத்தினுள்ளே நெடுஞ்சாலைகளைக் கொணரும் திட்டத்தை வெளியிட்டார். இன்று உலகம் வியக்கும் அக்கால்வாய் வட்டாரம் 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அன்று அதனை மூட முன்வந்தோர் அறிவிலிகளல்லர். தம் காலத்தின் முன்னேற்றம் எதுவெனக் கருதப்பட்டதோ அதனையே கூறினர்.

இத்திட்டங்கள் முழுமையாக நிறைவேறவில்லை. எனினும் நகரத்தின் வேறு பகுதிகளில் வீதிகள் அகன்றன. சதுக்கங்கள் வாகனத் தரிப்பிடங்களாயின. வண்டியோட்டிகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். ஆண்டுதோறும் அவர்தம் தொகை குறைந்துவந்தது. துவிச்சக்கரவண்டி வறியோர்க்குரிய பழம்பொருள் என்றும், சில ஆண்டுகளில் தானே மறைந்துவிடும் என்றும் பலர் எண்ணினர்.

அக்காலத்தில் எழுந்த எதிர்ப்புக்குரல் முதலிலே வேடிக்கையாகத் தோன்றியது. 1965ஆம் ஆண்டில் ‘புரோவோ’ என்னும் இளைஞர் குழுவினர் ‘வெள்ளை வண்டித் திட்டம்’ ஒன்றை அறிவித்தனர். வெண்ணிறம் பூசிய வண்டிகளைப் பூட்டாது வீதியில் விடுதல், வேண்டியவர் எடுத்துச் சென்று வேண்டிய இடத்தில் விடுதல் என்பதே அதன் சாரம். லூட் ஸ்கிமெல்பெனிங்க் என்பவர் அதனை வகுத்தார். குழுவினர் சில வண்டிகளை வீதியில் விட்டனர். பூட்டாது விடுதல் விதிக்கு மாறு எனக் கூறிப் பொலிசார் அவற்றைக் கைப்பற்றினர். திட்டம் அத்துடன் நின்றது. ஆயினும் பொது வண்டி என்னும் எண்ணம் நிற்கவில்லை. பின்னாளில் உலகின் பல நகரங்களிற் பரவிய வாடகை வண்டி முறைகளுக்கு இதுவே வித்து எனலாம்.

பிள்ளைகளின் பொருட்டு எழுந்த குரல்

நகரத்தின் மனத்தை உண்மையில் மாற்றியது வேறொன்று. 1971ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் வீதிகளிலே 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள், வாசலில் விளையாடிய பிள்ளைகள், கடைக்கு ஏவப்பட்ட பிள்ளைகள் இவர்கள். விபத்து என்னும் சொல் இவ்வுயிரிழப்புகளை இயற்கை நிகழ்வுகள்போல் ஆக்கிவிட்டது. மழையைப் போலவும் புயலைப் போலவும் இதுவும் தாங்கிக்கொள்ள வேண்டியதொன்று எனப் பெற்றோரே நம்பிவந்தனர்.

அந்நம்பிக்கையை முதலில் உடைத்தோருள் விக் லாங்கென்ஹோப் என்னும் பத்திரிகையாளர் ஒருவர். தம் மகளை வீதியிலே பறிகொடுத்த அவர், 1972ஆம் ஆண்டில் ‘டி டைட்’ என்னும் நாளிதழில் ‘பிள்ளைக் கொலையை நிறுத்துக’ எனத் தலைப்பிட்டுக் கட்டுரை வரைந்தார். கொலை என்னும் சொல் கடுமையானது; கேட்டோர் திடுக்கிட்டனர். ஆயினும் அச்சொல்லே கருத்தை மாற்றியது. விபத்துக்கு விதி காரணம். கொலைக்கோ மனிதரே காரணம். மனிதர் காரணமாயின் மனிதரால் அது தடுக்கப்படலாம். அத்தலைப்பையே பெயராகக் கொண்டு பெற்றோர் இயக்கம் ஒன்று தோன்றியது. தாய்மார் பிள்ளைகளோடு வீதிகளை மறித்தனர், ஆபத்தான சந்திகளை வரைபடமாகத் தீட்டினர், அமைச்சரிடம் முறையிட்டனர்.

அதே ஆண்டில் அம்ஸ்டர்டாமின் ‘டி பைப்’ என்னும் நெருக்கமான தொழிலாளர் குடியிருப்பிலே பிள்ளைகள் தாமே முன்வந்தனர். இரு மருங்கும் கார்கள் அடைத்து நின்ற தம் வீதிகளில் விளையாட இடமில்லை எனக் கூறி, வீதியை வாகனத்துக்கு மூடுமாறு கேட்டுக் கையொப்பங்கள் திரட்டினர். வீதிக்குக் குறுக்கே தடையமைத்த பிள்ளைகளோடு சினமுற்ற சாரதிகள் வாதாடிய காட்சி தொலைக்காட்சிப் படமொன்றிற் பதிவாகி நாடெங்கும் காட்டப்பட்டது. யோகினனின் திட்டத்திலே இடித்தற்கெனக் குறிக்கப்பட்ட குடியிருப்புகளுள் டி பைப்பும் ஒன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1973ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு நவம்பர் 4ஆந் திகதி முதல் சில வாரங்களுக்கு ஞாயிறு தோறும் மோட்டார்க் கார் செலுத்துதல் தடைசெய்யப்பட்டது. நெடுஞ்சாலைகளிலே மக்கள் வண்டி மிதித்தனர். பிள்ளைகள் சக்கரப் பாதணி அணிந்து ஓடினர். பெற்றோல் தட்டுப்பாடு சில மாதங்களில் நீங்கியது. ஆயினும், அமைதியான வீதி எவ்வாறு இருக்கும் என்பதை ஒருமுறை கண்டவர் அதனை எளிதில் மறக்கவில்லை.

1975ஆம் ஆண்டில் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதைக்காக நியுமார்க்ற் வட்டாரத்து வீடுகள் இடிக்கப்பட்டபோது பெருங்கலகம் மூண்டது. பாதை அமைக்கப்பட்டது, ஆனால் அதன் மேலாக அமையவிருந்த நான்கு தட நெடுஞ்சாலை கைவிடப்பட்டது. அதே ஆண்டில் வண்டியோட்டிகளின் புதிய சங்கம் ஒன்றும் நிறுவப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வண்டிகளோடு நகரத்தினூடே ஊர்வலம் வந்து, தனித் தடங்களை வேண்டினர். 1978ஆம் ஆண்டிலே பதவியேற்ற மாநகரசபை வாகனத்துக்கு முதலிடம் என்னும் கொள்கையைக் கைவிட்டது. அன்று முதல் மாற்றம் சிறுகச் சிறுக நிகழ்ந்தது. ஒரு வீதியைப் பழுதுபார்க்கும் முறை வந்தபோதெல்லாம் அவ்வீதி புதிய முறையில் மீண்டும் அமைக்கப்பட்டது. ஒரே நாளிற் பிறந்த நகரமன்று அது. நாற்பது ஐம்பது ஆண்டுகளாகக் கல்கல்லாக மாற்றியமைக்கப்பட்ட நகரம்.

முடிவுறாத வழக்கு

இம்மாற்றம் முற்றுப்பெற்றதெனக் கருதலாகாது. அரும்பொருட்காட்சிச்சாலையாகிய ரைக்ஸ்மியூசியத்தின் நடுவே, 1885ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்ட காலந்தொட்டு ஒரு பொதுவழி செல்கின்றது. திருத்த வேலையின்பொருட்டு 2003ஆம் ஆண்டில் மாளிகை மூடப்பட்டபோது, அவ்வழியை வண்டியோட்டிகளிடமிருந்து எடுத்துக் காட்சிச்சாலையின் வாயிலாக்கும் எண்ணம் எழுந்தது. வண்டியோட்டிகளின் சங்கம் அதனை எதிர்த்தது. வழக்காடல் பல்லாண்டு நீடித்தது. ஈற்றில் 2013ஆம் ஆண்டில் மாளிகை மீண்டும் திறக்கப்பட்டபின், அவ்வழியும் வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. இன்று றெம்பிராண்டின் ஓவியங்களுக்குக் கீழாக, கமான்களின் ஊடே, மக்கள் வீட்டுச் சாமான்களோடு மிதித்துச் செல்கின்றனர்.

குறைகளும் உள. திருட்டு ஓயவில்லை. கால்வாய்களில் வீழ்ந்தும் வீசப்பட்டும் கிடக்கும் வண்டிகளை இரும்பு நகங்கள் பொருத்திய படகுகள் ஆண்டுதோறும் 10,000க்கு மேற்பட்ட தொகையில் அள்ளியெடுக்கின்றன. கூட்டம் மிகுந்த தடங்களிலே விரைந்து செல்லும் மின்வண்டிகள் முதியோரை அச்சுறுத்துகின்றன. கைத்தொலைபேசியை நோக்கியவாறு வண்டி செலுத்துதல் 2019ஆம் ஆண்டு யூலை முதல் தடைசெய்யப்பட்டும், அப்பழக்கம் அற்றுப்போகவில்லை. பிற நாடுகளிலிருந்து குடியேறிய பெண்கள் பலருக்கு இவ்வண்டி பழக்கமில்லாதது. அவர்களுக்கு வண்டியோட்டக் கற்பிக்கும் வகுப்புகள் நடத்தப்படுகின்றன. அவ்வகுப்பிலே நடுவயதில் முதன்முறை சமநிலை கற்கும் பெண்ணுக்கு, அந்நகரம் அன்றுதான் திறக்கின்றது.

எல்லாவற்றினும் பெரிய குறை உயிரிழப்பேயாகும். 2022ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் வீதிகளில் மாண்ட 745 பேருள் 291 பேர் துவிச்சக்கரவண்டியிற் சென்றோர். 2023ஆம் ஆண்டில் 684 பேருள் அவர்கள் 270 பேர். இவர்களுட் பெரும்பகுதியினர் முதியோர். முற்காலத்திற் கால் தளர்ந்ததும் வண்டியை விட்டவர்கள், இன்று மின்கலத்தின் துணையால் எண்பது வயதிலும் செல்கின்றனர். வீழ்ந்தால் உடல் தாங்குவதில்லை. ஆகவே தலைக்கவசம் அணியுமாறு முதியோரை அறிவுறுத்தும் குரல் வலுப்பெற்றுவருகின்றது. அரை நூற்றாண்டின் முன் 3,000ஐக் கடந்த மொத்த இழப்பு இன்று அதன் நான்கிலொரு பங்களவுக்குக் குறைந்துள்ளமை பெருஞ்சாதனை. ஆயினும் அச்சாதனையைக் காட்டி அந்நாட்டார் ஓய்ந்திருக்கவில்லை. இன்னும் மாள்பவர் யார், ஏன் மாள்கின்றனர் என்னும் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகின்றனர்.

அம்ஸ்டர்டாமின் வரலாற்றிலிருந்து பிற நகரங்கள் எதனைக் கொள்ளலாம்? செந்நிறத் தாரையும் சிறு சமிக்ஞை விளக்குகளையும் மட்டும் கொள்வது எளிது. அவற்றுக்கு முன்னே நிகழ்ந்தது ஒன்றுண்டு. வீதியிலே பிள்ளை மாள்வது விதியின் செயலன்று, வீதியை அமைத்தோரின் செயல் என்பதை ஒரு சமுதாயம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பின்னரே வீதியின் அகலமும் வாகனத்தின் வேகமும் சட்டத்தின் சொற்களும் ஒவ்வொன்றாக மாறின. அவை மாறிய பின்னரே மக்களின் பழக்கம் மாறியது. பழக்கம் வேரூன்றியபின், அதுவே அவர்தம் பிறவிக் குணம் எனக் காண்போர் மயங்குகின்றனர்.

மாரிக்காலத்துக் காலை இருளிலே தம் மகளின் முதுகிற் கைவைத்துச் செல்லும் தந்தைக்கு இவ்வரலாறு முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடசாலை வாசலை அடைந்ததும் அவர் கையை எடுப்பார். சிறுமி உள்ளே செல்வாள். இன்னும் சில ஆண்டுகளில் அவள் போக்குவரத்துப் பரீட்சையில் தேறித் தனித்தே வருவாள். அவள் தனித்து வந்து, தனித்தே வீடு மீள்வாள் என்னும் உறுதியைப் பெறுவதற்கே அந்நகரம் அத்தனை ஆண்டுகள் உழைத்தது.